வெள்ளாற்றைத் தாண்டும் வண்டி

பெரியண்ணன் ஜீப் வாங்கியபோது அது எதற்கென்று ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆலங்குடிக்குக் கிழக்கே அவருக்கு இருந்தது ஒரு கிணறும், அதைச் சுற்றிய கடலைக் கொல்லையும், வீட்டுக்குப் பின்னால் நாலைந்து பலாமரங்களும்தான். அதற்கு ஒரு மாட்டுவண்டி தாராளமாகப் போதும். அவரோ அந்த மாட்டையும் வண்டியையும் விற்றார். திருச்சியில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவர், ஒரு பழைய ஜீப்பை லாரிக்குப் பின்னால் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். முன்கண்ணாடி கிடையாது. ஒரு பக்கத்து விளக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருந்தது. இருக்கையின் நாருக்குள் எலி குட்டி போட்டிருந்தது.

பட்டாளத்தில் லாரி ஓட்டிய ஆள், பழைய ஆசை விடவில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அவரும் ஆமாம் ஆமாம் என்று சொல்லிவைத்தார். உண்மையான காரணத்தைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

காரணம் அவருடைய மகள் கண்ணாத்தாள்.

உலகச் சண்டைக் காலத்தில் பெரியண்ணன் பட்டாளத்தோடு அஸ்ஸாம் மலைகளில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மகள் வளர்ந்ததை அவர் பார்க்கவில்லை. ஊர் திரும்பிய அன்று, கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, இந்த ஆள் யார் என்று தாயிடம் கேட்ட ஒரு பெண்ணைத்தான் பார்த்தார். அதற்குப் பிறகு சில வருஷங்களில் மனைவி பிரகதாம்பாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். வீட்டில் அவரும் மகளும் மட்டும் என்றாயிற்று. மறுகல்யாணப் பேச்சோடு வந்தவர்களை வாசலோடு அனுப்பிவிட்டார். சோறு வடிக்க அவருக்குத் தெரியும்; குழம்பு வைக்க அவளுக்குத் தெரியும். இரண்டு பேரும் அடுப்படியிலேயே தட்டைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். அவர் பார்த்த மலைகளைப் பற்றி அவள் கேட்பாள். தான் இல்லாத காலத்தில் வீட்டில் என்னென்ன நடந்தது என்று அவர் கேட்பார். மாடு கன்று போட்டது, கூரை பற்றிக்கொண்டது, அவளுக்கு அம்மை வார்த்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். கைவிட்டுப்போன வருஷங்களை அப்படித்தான் அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார்.

எடுத்து முடிவதற்குள் அவளுக்குக் கல்யாண வயது வந்துவிட்டது.

மாப்பிள்ளை ஆவுடையப்பன் நல்ல பிள்ளை. அறந்தாங்கிக்குத் தெற்கே, வெள்ளாற்றுக்கு அக்கரையில் நெட்டியேந்தல் என்ற ஊர். அண்ணன் தம்பிகள் ஒன்றாக இருக்கும் குடும்பம். வயலும் மாடும் ஆட்களுமாக நிறைந்த வீடு. குறை சொல்ல ஒன்றுமில்லை, ஊருக்குப் போகும் பாதையைத் தவிர. அறந்தாங்கி வரைக்கும் பஸ். அதற்கப்பால் வண்டித் தடம்தான். வெயில் காலத்தில் அச்சு புதையும் மணல், மழைக் காலத்தில் காலை விடாத களிச்சேறு. நடுவில் ஆறு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணலாகக் கிடக்கும் அந்த ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால், அந்தப் பக்கத்து ஊர்களுக்கும் இந்தப் பக்கத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

தலைதீபாவளிக்கு மகளையும் மருமகனையும் அழைத்துவர வண்டி பூட்டிக்கொண்டு போனார். ஆறு இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் யாரோ நிற்பதுபோலத் தெரிந்தது. ஆணா பெண்ணா என்றுகூடப் புரியவில்லை. இவர் மேல்துண்டை எடுத்து வீசினார். அந்த உருவம் அசையவில்லை. பொழுது சாயும்வரை நின்று பார்த்துவிட்டு, கொண்டுபோன அதிரசத்தையும் முறுக்கையும் மாடுகளுக்குப் போட்டுவிட்டுத் திரும்பினார். அந்தத் தை மாதம்தான் மாட்டை விற்றது.

ஜீப்பை ஓடவைக்க ஒரு கோடைக்காலம் முழுதும் பிடித்தது. வாசலில் கீற்றுக் கொட்டகை ஒன்று போட்டு அதற்குள் வண்டியை நிறுத்தினார். எஞ்சினைத் திறந்து துண்டு துண்டாக மண்ணெண்ணெயில் கழுவினார். தேய்ந்ததை மாற்றினார், கிடைக்காததைப் புதுக்கோட்டைப் பட்டறையில் கடைந்து வாங்கினார். ஆனால் வண்டியை ஓடவைப்பது ஒரு வேலை. அந்த ஆற்றைத் தாண்டவைப்பது வேறு வேலை. காட்டாறுகளில் லாரியை இறக்கி ஏற்றிய பழக்கம் அவர் கையில் இருந்தது. தண்ணீருக்குள் எஞ்சின் அணைந்துபோவதற்கு என்னென்ன காரணம் உண்டோ அத்தனையையும் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தார். புகைக்குழாயை வெட்டி, வளைவு ஒன்று பற்றவைத்து, ஓட்டுகிறவர் தலைக்கு மேலே நிற்கும்படி உயர்த்தினார். எஞ்சின் காற்றிழுக்கும் வாயையும் அதேபோல ஒரு தகரக் குழாயால் மேலே ஏற்றினார். ப்ளக்குகளுக்குத் தீப்பொறி பங்கிடும் டிஸ்டிரிபியூட்டர் மூடியைச் சுற்றி, மெழுகையும் கிரீஸையும் குழைத்துப் பூசினார். மணலில் புதையாமல் இருக்க அகலமான டயர் தேடிப் போட்டார். கடைசியில் பின்பக்கத்து இரும்புத் தகட்டின் மேல் பலகை அடித்து, இலவம்பஞ்சு மெத்தை ஒன்று தைத்துப் போட்டார். அது கண்ணாத்தாளுக்கு.

தலைக்கு மேல் இரண்டு குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்த அந்த வண்டிக்கு ஊரார் ஒட்டகம் என்று பேர் வைத்தார்கள். பெரியண்ணனுக்கு அதில் வருத்தமில்லை.

வண்டி ஓடத் தொடங்கியதும் அவர் நெட்டியேந்தலுக்குப் போகத் தொடங்கினார். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்குச் சும்மா போய் நிற்கக்கூடாது என்று அவருக்கும் தெரியும். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணத்தோடு போனார். முதல் தடவை பலாப்பழம். அடுத்த தடவை விதைக்கடலை. அப்புறம் முந்திரிக்கொட்டை. கொடுக்க ஒன்றும் இல்லாதபோது, புது டயர் போட்டிருக்கிறேன், மணலில் எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தேன் என்பார். சம்பந்தி அம்மாள் பொன்னுத்தாய் அவரை வாசலுக்கு வந்து வரவேற்பாள். உடனே அடுப்படியில் புகை கிளம்பும். யாராவது ஒருத்தர் கோழி பிடிக்க ஓடுவார். கூட்டமாக நின்று வண்டியைச் சுற்றிப் பார்ப்பார்கள். கண்ணாத்தாள் நிலைப்படிக்கு உள்ளே நின்று அப்பாவைப் பார்த்துச் சிரிப்பாள். சாப்பிட்டீங்களா, மேலுக்கு ஒன்றுமில்லையே என்று கேட்பாள். அவ்வளவுதான் பேச வாய்க்கும். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டே ஓட்டி வருவார். வீட்டுக்கு வந்ததும் அடுத்த பயணத்துக்கு வண்டியில் எதைச் சரிசெய்யலாம் என்று பார்ப்பார்.

ஐப்பசி வந்தது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று அறந்தாங்கி பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். இதற்காகத்தானே இத்தனை பாடும் என்று பெரியண்ணன் மறுநாள் காலையிலேயே கிளம்பினார்.

கரையில் வண்டியை நிறுத்தி முதலில் தாமே இறங்கி நடந்து பார்த்தார். நடு ஆற்றில் தொடைக்குத் தண்ணீர். இழுப்பு இருந்தது, ஆனால் அடியில் மணல் கெட்டிப்பட்டிருந்தது. மேலே வந்து, காற்றாடி தண்ணீரை எஞ்சின் மேல் வாரி அடிக்காமல் இருக்க அதன் பெல்ட்டைக் கழற்றி வைத்தார். முன் சக்கரங்களுக்கும் விசை போகும்படி கியர் கம்பிக்குப் பக்கத்திலிருந்த சின்னக் குச்சியைத் தள்ளிவிட்டு, மெதுவாக இறக்கினார். தண்ணீர் கால் வைக்கும் தகட்டுக்கு மேலே வந்து கணுக்காலை மூடியது. வண்டி ஒரு பக்கமாக ஒதுங்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. தலைக்கு மேலே குழாய் மட்டும் குபுகுபுவென்று புகைவிட்டுக்கொண்டே வந்தது. அக்கரை மேட்டில் நான்கு சக்கரமும் ஏறியபோது பெரியண்ணன் தனியாகவே சத்தம் போட்டுச் சிரித்தார். கண்ணாத்தாளிடம் சொல்லவேண்டும், தண்ணீர் எதுவரை வந்தது என்று காலைக் காட்டிச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனார்.

அந்த வீட்டில் அன்று நடவு ஆட்களுக்குச் சோறு போகிற நேரம். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்கள். ஆற்றில் தண்ணீர் போகும்போதே வந்துவிட்டார் என்றதும், ஏதோ கெட்ட சேதி என்று பொன்னுத்தாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. ஒன்றுமில்லை, வண்டியைப் பார்க்கத்தான் என்று இவர் சொன்னதை யாரும் நம்பினதாகத் தெரியவில்லை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்க அவர் கிணற்றடிக்குப் போனபோது, கண்ணாத்தாள் குடத்தோடு பின்னாலேயே வந்தாள். வாளியில் தண்ணீரை ஊற்றியபடி, தலையைக் குனிந்துகொண்டே பேசினாள்.

"அப்பா, நீங்க வாரது எனக்குச் சந்தோசந்தான். ஆனா நீங்க வந்துட்டுப் போனா நாலு நாளைக்கு எல்லாரும் எம் மொகத்தையே பாக்குறாங்க. இந்த வீட்ல எனக்கு ஏதோ கொறைன்னு நான் சொல்லிவிட்டுத்தான் நீங்க வாரீங்களாம். ஊர்ல பேசுறாங்க. அத்தை ஒண்ணுஞ் சொல்றதில்ல. சொல்லாம இருக்குறதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

பெரியண்ணன் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இனிமே நான் ஆள் சொல்லி விட்டா வாங்கப்பா" என்றாள்.

"சரித்தா" என்றார்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், சாப்பிட்டார். வரும்போது ஆற்றில் தண்ணீர் அப்படியேதான் இருந்தது. வண்டி தடுமாறாமல் இறங்கி, தடுமாறாமல் ஏறியது. மேட்டில் நிறுத்தி, கழற்றிய பெல்ட்டை மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அதற்குப் பிறகு அவர் ஆளுக்காகக் காத்திருந்தார். பொங்கல் சீரை ஒரு சொந்தக்காரர் வீட்டாரிடம் கொடுத்தனுப்பினார். போனவர்கள் கண்ணாத்தாள் நன்றாக இருக்கிறாள் என்று சொன்னார்கள். வரச் சொன்னதாகச் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் வண்டியைக் கிளப்பிச் சற்று நேரம் ஓடவிடுவார், பேட்டரி செத்துப்போகக்கூடாதே என்று. எஞ்சின் ஓடும்வரை வாசலில் ஒரு சத்தம் இருக்கும். நிறுத்தினால் கொல்லை முழுவதும் கப்பென்று அடங்கிவிடும். யாரோ மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கிணற்றுக் கவலையின் கிறீச்சு எங்கோ தூரத்தில் கேட்கும். அடுப்படியில் ஒருவருக்கு மட்டும் சோறு வடிப்பது அவருக்குக் கை வரவில்லை. எப்போதும் மிஞ்சியது. மிஞ்சியதைத் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் அதையே குடித்தார்.

இரண்டு தடவை அவருக்கு மனசு அடங்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரை வரை போனார். ஆறு காய்ந்து கிடந்தது. மணலில் வண்டித் தடங்கள் அக்கரைக்கு ஏறிப் போவது தெரிந்தது. கரையிலேயே கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார். யாராவது பார்த்து நெட்டியேந்தலில் சொல்லிவிடப் போகிறார்களே என்ற பயம் வேறு.

ஆடி மாதம் நெட்டியேந்தல் பக்கத்துக் கடலை வியாபாரி ஒருவர் வந்தார். உங்கள் மகள் முழுகாமல் இருக்கிறாள், கார்த்திகை கடைசியில் பிள்ளை பிறக்கும் என்றார். பெரியண்ணன் அவருக்கு மோர் கொடுத்தார், இளநீர் வெட்டினார். போகிறபோது வியாபாரி இன்னொன்றும் சொன்னார். தலைப் பிரசவம் தாய்வீட்டில் ஆகவேண்டியதுதான். ஆனால் உங்கள் வீட்டில் பெண்பிள்ளை என்று ஒருத்தரும் இல்லை. அதனால் இங்கேயே பார்த்துக்கொள்கிறோம் என்று சம்பந்தி அம்மாள் சொல்லச் சொன்னாளாம்.

அதில் தப்பு ஒன்றுமில்லை. நியாயமான பேச்சு. பெரியண்ணன் தலையை ஆட்டினார். வியாபாரி போனபின் கொட்டகைக்குப் போய், பின்னால் தைத்துப் போட்டிருந்த மெத்தையைப் பார்த்தார். ஒரு வருஷமாக அதில் யாரும் உட்காரவில்லை. மேலே பல்லி எச்சம் கிடந்தது.

மறுநாள் காலையில் அவர் வண்டியைப் பிரிக்க ஆரம்பித்தார். கியர்பெட்டியில் சத்தம் வருகிறது என்று கேட்டவர்களுக்குச் சொன்னார். சத்தம் ஒன்றும் வரவில்லை. வண்டி ஓடுகிற நிலையில் இருக்கும்வரை தாம் ஒருநாள் போய் அந்த வாசலில் நின்றுவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சக்கரங்களைக் கழற்றிக் கட்டைமேல் நிறுத்தினார். கியர்பெட்டியை இறக்கினார். ரேடியேட்டர், கார்புரேட்டர், உயர்த்தி வைத்த குழாய்கள், ஸ்டீயரிங் தண்டு எல்லாம் வெளியே வந்தன. வாசலில் சாக்குகளை விரித்து ஒவ்வொன்றாக அடுக்கினார். கழுவினார், துடைத்தார், எண்ணெய் தடவினார். எல்லாம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மழை வந்தபோது சாக்கோடு இழுத்து வீட்டுக்குள் வைத்துக்கொண்டார். கூடத்தில் நடக்க இடமில்லாமல் போயிற்று. நடப்பதற்கு அவரைத் தவிர யாருமில்லை.

கார்த்திகையில் நல்ல மழை. விடாமல் பெய்து ஒரு நாள் காலையில் சற்று ஓய்ந்திருந்தபோது, வாசலில் ஆள் வந்து நின்றது. மருமகன் ஆவுடையப்பன். வேட்டியெல்லாம் சேறு, கண்கள் சிவந்திருந்தன. முந்தின நாள் சாயங்காலம் வாழைமரங்களைப் பிணைத்து ஆற்றைத் தாண்டி, அறந்தாங்கியில் படுத்துக் கிடந்து, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தான். கண்ணாத்தாளுக்குக் கையும் காலும் முகமும் வீங்கிவிட்டன, தலை வலிக்கிறது என்று துடிக்கிறாள், அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று மருத்துவச்சி கையை விரிக்கிறாள். மாட்டுவண்டி ஆற்றில் இறங்காது.

"அவதான் சொன்னா மாமா, எங்கப்பா வண்டி தாண்டும், போய்ச் சொல்லுங்கன்னு. வண்டி எங்கே?"

பெரியண்ணன் கூடத்தைக் காட்டினார். ஆவுடையப்பன் உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு கொட்டகையில் கட்டைமேல் நின்ற வெற்றுக் கூட்டைப் பார்த்தான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெரியண்ணனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இருவரும் வேலையில் இறங்கினார்கள். ஆவுடையப்பனுக்கு வண்டி வேலை எதுவும் தெரியாது. ஆனால் சொன்னதைத் தூக்கினான், சொன்ன இடத்தில் பிடித்தான். கியர்பெட்டியை அடியிலிருந்து ஏற்றும்போது இருவரும் முதுகு மண்ணில் படப் படுத்துக்கொண்டு, நெஞ்சில் தாங்கித் தூக்கிப் பொருத்தினார்கள். பெரியண்ணனின் கைகள் தாமாக வேலை செய்தன. நாலு மாதமாகத் திரும்பத் திரும்பத் துடைத்த சாமான்கள். எது எங்கே என்று தேடவேண்டியிருக்கவில்லை. மகளுக்கென்று செய்த வண்டியை, மகளுக்கு வேண்டிய நாளில் பிரித்துப் போட்டு வைத்திருக்கிறேனே என்று அவருக்குள் அதே நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

சக்கரங்களை மாட்டும்போது அவருக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டார்.

"நான் வரவேணாம்னு கண்ணாத்தா சொல்லிருச்சு மாப்ளே. வண்டி ஓடுற நெலையில இருந்தா போயிருவேன்னுதான் பிரிச்சுப் போட்டேன்."

ஆவுடையப்பன் கையிலிருந்த ஸ்பானரை நிறுத்தினான். அது தனக்குத் தெரியாது என்றான். "நீங்க போன வருசம் வந்துட்டுப் போனப்புறம் வரவே இல்லை. எங்க வீட்ல ஏதோ மரியாதைக் கொறைவா நடந்துபோச்சு, அதான் கோவம்னு எங்காத்தா நெனச்சுக்கிட்டு இருக்கு மாமா. தெனம் அதையே சொல்லிக்கிட்டு இருக்கு. பிரசவத்துக்கு அனுப்பாததும் அதான். அனுப்பினா நீங்க வீட்ல சேக்காமத் திருப்பி விட்டுருவீங்களோன்னு."

பெரியண்ணன் சக்கரத்தின் நட்டை முறுக்கிக்கொண்டே கேட்டார். அவர் வந்தபோது ஊர் ஒன்று பேசியது. வராதபோது வேறொன்று பேசியிருக்கிறது. நடுவில் ஒரு வருஷம் போய்விட்டது. அவளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை; அவரும் கேட்டனுப்பவில்லை.

வண்டி எடுத்தவுடன் கிளம்பவில்லை. ஹேண்டில் போட்டு இருவரும் மாறி மாறிச் சுற்றினார்கள். கார்புரேட்டரை ஒரு தடவை இறக்கி ஊதி மாட்டினார். பிறகு நாலைந்து தும்மல் தும்மிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. சாமான்கள் எல்லாம் வண்டிக்குள் போய், கூடத்தில் சாக்குகள் மட்டும் கிடந்தன. மத்தியானச் சோறு என்று எதுவும் இல்லாமலே கிளம்பினார்கள்.

ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது மேற்கே சாய்ந்திருந்தது. தண்ணீர் போன வருஷத்தைவிட அதிகம். ஆவுடையப்பன் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் இறங்கி நடந்தான். தண்ணீர் அவன் இடுப்பைத் தொட்டது. அவன் கையைக் காட்டிய வழியில் பெரியண்ணன் வண்டியை இறக்கினார். நடுவில் தண்ணீர் மடிக்கு வந்துவிட்டது. வண்டி மிதக்கப் பார்த்தது. பின்பக்கம் கீழ்நோக்கி ஒதுங்கியது. அவர் எஞ்சினின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, காலை அழுத்தியபடியே வைத்திருந்தார். சக்கரம் எங்கோ ஒரு மணல்திட்டைக் கவ்வியது. அக்கரையில் ஏறியதும் ஆவுடையப்பன் நனைந்த வேட்டியோடு தொற்றி ஏறினான். இந்தத் தடவை பெரியண்ணன் சிரிக்கவில்லை.

நெட்டியேந்தலில் வாசல் நிறையப் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் முகங்களைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பொன்னுத்தாய்தான் வண்டிக்குப் பக்கத்தில் வந்தாள்.

"எறங்குங்க அண்ணே. மத்தியானமே பொறந்துருச்சு. பொம்பளப்புள்ள. ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல."

வீக்கம் வடியத் தொடங்கிவிட்டது, இப்போதைக்கு அசைக்கவேண்டாம், வண்டியில் ஏற்றி ஆட்டினால்தான் கெடுதல் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாளாம். பெரியண்ணன் இறங்கினார். வண்டி தண்ணீர் சொட்டிக்கொண்டு, பின்னால் மெத்தை ஊறிப்போய், வாசலில் நின்றது. அதற்கு அங்கே வேலை இல்லை.

சாம்பலும் எண்ணெயும் போட்டுக் கையைத் தேய்த்தார். ரேகைகளுக்குள் ஏறிய கறுப்பு போகவில்லை. அறை வாசலில் நின்று பார்த்தார். குழந்தையை வாங்கச் சொன்னபோது கையைக் காட்டி வேண்டாம் என்றார். கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆகுமா என்று பொன்னுத்தாய் ஒரு வெள்ளைத் துண்டை அவர் கைகள்மேல் விரித்து, அதன்மேல் குழந்தையை வைத்தாள். ஒரு கனமும் இல்லை. கண்ணாத்தாளை இந்த வயதில் அவர் தூக்கியிருக்கிறார். ஆனால் அது எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

கண்ணாத்தாள் கண்ணை விழித்துப் பார்த்தாள். முகம் இன்னும் ஊதித்தான் இருந்தது.

"நான் ஆள் சொல்லி விட்டேன்ல" என்றாள் மெல்ல. "வந்துட்டீங்க."

"வந்துட்டேன்த்தா" என்றார். தாமதமானதற்குக் காரணத்தைச் சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் தூங்கிவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் அவர் கிளம்பினார். இருக்கச் சொன்னார்கள். ஆனால் அது பிள்ளை பெற்ற வீடு. திரும்பின பக்கமெல்லாம் பெண்கள். வெந்நீர் காய்ந்தது, மருந்து இடித்தார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருந்தது. அவர் எங்கே நின்றாலும் யாராவது ஒருவர் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. பொன்னுத்தாய் வாசல்வரை வந்தாள். மாசி மாதம் ஆறு காய்ந்ததும் தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு தானும் வருவதாகவும், பத்துப் பதினைந்து நாள் அங்கேயே இருந்து பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். கோபம் ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். இல்லை தங்கச்சி, எனக்கென்ன கோபம் என்றார் அவர். கண்ணாத்தாள் தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆற்றில் தண்ணீர் வடிந்திருந்தது. வண்டி சுலபமாக ஏறியது. அறந்தாங்கி, அதற்கப்புறம் தார் ரோடு. மாசிக்கு இன்னும் எத்தனையோ நாள் இருந்தது. அவர்கள் வருவார்கள், பதினைந்து நாள் இருப்பார்கள், பிறகு அவரே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். இனி அப்படித்தான் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதில் மனத்தாங்கல் இல்லை. ஆனாலும் வீட்டை நெருங்க நெருங்க, கதவைத் திறந்து உள்ளே போய், பேத்தி பிறந்திருக்கிறாள் என்று யாரிடம் சொல்வது என்ற கேள்வி வந்துவிட்டது.

அவர் வீட்டுத் தடத்தில் திரும்பவில்லை. நேராக ஆலங்குடிக் கடைத்தெருவுக்குப் போய், கற்கண்டு ஒரு பொட்டலம் வாங்கினார். பஸ் நிற்கிற இடத்தில் புதுக்கோட்டை பஸ் புறப்படத் தயாராக நின்றது. தெரிந்த முகம் ஒன்றுமில்லை. சேறு காய்ந்த சட்டையோடு ஜன்னல் ஜன்னலாகப் போய்ப் பொட்டலத்தை நீட்டினார். "பேத்தி பொறந்திருக்கு, எடுத்துக்கங்க" என்றார். முதலில் தயங்கினார்கள், பிறகு எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் தன் மடியிலிருந்த பிள்ளைக்கும் சேர்த்து எடுத்தாள். சுகப் பிரசவமா என்று ஒரு கிழவர் கேட்டார். ஆமாங்க, சுகந்தான், ஆத்துக்கு அங்கிட்டு எங்க மக வீட்ல என்று பெரியண்ணன் ஆற்றைத் தாண்டிய கதையைச் சொல்லத் தொடங்கினார். கண்டக்டர் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, நல்லாயிருக்கட்டும்ங்க என்று விசிலை ஊதினார்.

பஸ் போய்விட்டது. பாதிக் கதையோடு அவர் ரோட்டில் நின்றார். பொட்டலத்தின் அடியில் கொஞ்சம் கற்கண்டு மிச்சமிருந்தது. அடுத்த பஸ் எப்போது என்று பக்கத்துக் கடையில் விசாரித்துவிட்டு, ஜீப்பின் ஓரத்தில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார்.